ஆல்பெர் காம்யு: அபத்தத்தில் தொடங்கி எங்கே போனார்?

ஆல்பெர் காம்யுவைப் பற்றித் தேடிப் படிக்கிறவர்களுக்கு முதலில் கிடைப்பவை ஒன்றோடொன்று ஒட்டாத தகவல்கள். ஓரிடத்தில் இருத்தலியவாதி என்கிறார்கள், இன்னோரிடத்தில் அபத்தவாதி என்கிறார்கள். உலகத்துக்கு என்று தனியே ஒரு பொருள் கிடையாது என்று எழுதியவர் அவர். நாஜிப் படை பாரிசில் இருந்தபோது தலைமறைவுப் பத்திரிகையில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவரும் அவரே. பொருளே இல்லை என்றால் எதற்காக உயிரைக் கொடுக்க வேண்டும்? 2020இல் கொரோனா முடக்கத்தின்போது 'கொள்ளை நோய்' நாவலை நாடு நாடாக வாங்கிப் படித்தார்கள். 2025இல் பிரான்சுவா ஓசோன் 'அந்நியன்' நாவலைப் படமாக எடுத்தார். இப்படி அவர் பெயர் பேச்சில் அடிபடும்போதெல்லாம் இதே கேள்வி எழுகிறது.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் 'அந்நியன்' ஒன்றைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவதுதான். காம்யு தன் நூல்களைச் சுற்றுச் சுற்றாகத் திட்டமிட்டு எழுதினார். முதல் சுற்று கேள்வியை எழுப்புகிறது. அதற்கு அவர் கொடுத்த பதில் இரண்டாம் சுற்றில் இருக்கிறது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் முரணாகத் தெரிவதில் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

வறுமையும் வெயிலும்

1913 நவம்பர் 7இல், பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், மோந்தோவி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா லூசியேன் திராட்சை மது வணிகத்தில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போர் தொடங்கியதும் படைக்குப் போனார், மார்ன் சண்டையில் காயம்பட்டார், 1914 அக்டோபர் 11இல் பிரான்சின் சேன்-ப்ரியூ நகரத்து மருத்துவமனையில் இறந்தார். குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

அம்மா கேத்ரின் சேந்தெஸ் ஸ்பானிய வழி வந்தவர். காது சரியாகக் கேட்காது, பேச்சும் குறைவு, எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அல்ஜியர்சின் பெல்கூர் பகுதியில் இருந்த தாய்வீட்டுக்கு வந்து, பிறர் வீடுகளைச் சுத்தம் செய்து குடும்பத்தை ஓட்டினார். பீப்பாய் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த மாமாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். அதட்டி ஆண்டது பாட்டி.

பையனைப் படிக்க அனுப்பாமல் வேலைக்கு அனுப்பிவிடும் எண்ணத்தில் இருந்த பாட்டியிடம் பேசி, உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ழெர்மேன். 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, சேதி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடியாகத் தனக்கு நினைவுக்கு வந்தவர் அவர்தான் என்று காம்யு கடிதம் எழுதினார். பரிசு உரையை நூலாக்கியபோது அதை அவருக்கே காணிக்கையாக்கினார்.

1930இல், 17 வயதில், காசநோய் வந்தது. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக அணியின் இளையோர் பிரிவில் கோல்கீப்பராக இருந்தவருக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஆசிரியப் பணிக்கான உயர் தேர்வை எழுதவும் உடல்நிலையைக் காட்டி அனுமதி மறுத்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியராக ஆகியிருக்க வேண்டியவர் பத்திரிகைக்காரர் ஆனது இப்படித்தான். அவருடைய எழுத்தில் இந்த நோய்க்கு உள்ள இடத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பதினேழு வயதில் சாவை நேருக்கு நேர் பார்த்தவனுக்கு மெய்யியல் என்பது வகுப்பறைச் சங்கதியாக இருக்க முடியாது. அதே பையனுக்குக் கடலும் வெயிலும் காசில்லாமல் கிடைத்தன. சாவு பற்றிய அச்சமும் உடம்பின் களிப்பும் அவருடைய எல்லா நூல்களிலும் சேர்ந்தே வருகின்றன. அபத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் களிப்பை விட்டுவிடுகிறவர்கள் பாதி காம்யுவைத்தான் படிக்கிறார்கள்.

1939 ஜூனில் 'அல்ஜே ரெப்யுப்ளிக்கேன்' நாளிதழில் கபிலியா மலைப்பகுதியின் பஞ்சம் பற்றி 11 கட்டுரைகள் எழுதினார். தீசி-ஊசு ஊரில் விடியற்காலையில் கந்தல் உடுத்த பிள்ளைகள் குப்பைத்தொட்டியில் கிடப்பதற்காக நாய்களோடு சண்டை போட்டதைப் பதிவு செய்தார். தானியப் பங்கீட்டு அளவு, கூலி, வேலை நேரம், பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கை என்று கணக்கு வைத்து எழுதிய கட்டுரைகள் அவை. பின்னால் நடத்திய பத்திரிகையை 1940 ஜனவரியில் அரசு தடை செய்தது. அல்ஜியர்சில் வேலை கிடைக்காமல் போகவே பாரிசுக்குப் போனார். 'அந்நியன்' கைப்பிரதி அந்த ஆண்டு மே மாதம் அங்கே ஒரு விடுதி அறையில் முடிந்தது.

அபத்தம், இருத்தலியம், கலகம்

மேலே போவதற்குமுன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

அபத்தம்: பேச்சுவழக்கில் "அபத்தமா பேசாதே" என்றால் உளறாதே என்று பொருள். காம்யுவின் அபத்தம் அது இல்லை. மனிதன் உலகத்தைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கிறான், உலகம் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கும் அந்த மௌனத்துக்கும் இடையே உள்ள உறவின் பெயர்தான் அபத்தம். உலகம் மட்டும் தனியாக அபத்தமில்லை, மனிதன் மட்டும் தனியாக அபத்தமில்லை.

இருத்தலியம்: மனிதனுக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட சாரம் ஏதும் இல்லை, முதலில் இருக்கிறான், பிறகு தன் தேர்வுகளால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்பது பிரெஞ்சு மெய்யியலாளர் ழான்-போல் சார்த்ர் 1945 அக்டோபரில் பாரிசில் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் மையக் கருத்து. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 15இல் வெளிவந்த நேர்காணலில் காம்யு "நான் இருத்தலியவாதி இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்னார். தானும் சார்த்ரும் தங்கள் பெயர்கள் சேர்த்துப் பேசப்படுவதைக் கண்டு வியக்கிறோம் என்றும், தன்னுடைய 'சிசிஃபஸ் தொன்மம்' நூலே இருத்தலிய மெய்யியலாளர்களுக்கு எதிராக எழுதப்பட்டதுதான் என்றும் சொன்னார். அவர் வாயாலேயே இதைச் சொல்லி எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் பாடப்புத்தகங்கள் இருவரையும் ஒரே பெட்டியில் போடுகின்றன.

கலகம்: "இதற்கு மேல் முடியாது" என்று ஒருவன் எழுந்து நிற்பது. காம்யு இதைப் புரட்சியிலிருந்து பிரிக்கிறார். கலகத்துக்கு ஓர் எல்லைக்கோடு தெரியும். புரட்சி, வரப்போகும் பொற்காலத்தின் பெயரால் அந்தக் கோட்டையும் தாண்டிவிடக்கூடியது.

'அபத்த நாடகம்' என்ற பெயர் இன்னொரு குழப்பம். அது விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் 1961இல் பெக்கெட், அயனெஸ்கோ போன்றோரின் நாடகங்களுக்கு வைத்தது. அந்த நாடகங்களில் மொழியும் கதையுமே சிதைந்து நிற்கும். காம்யுவின் நாடகங்களில் பாத்திரங்கள் தெளிவாக, தர்க்கமாகப் பேசுவார்கள். பேசப்படும் பொருள்தான் அபத்தம்.

சுற்றுகளின் கணக்கு

1941 பிப்ரவரி 21இல் தன் குறிப்பேட்டில் காம்யு ஒரு சிறு வரி எழுதினார்: சிசிஃபஸ் முடிந்தது, மூன்று அபத்தங்களும் நிறைவடைந்தன. நாவல், கட்டுரை நூல், நாடகம் ஆகிய மூன்றையும் ஒரே பொருளின் மூன்று முகங்களாக அவர் எண்ணியிருந்தார். பின்னாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் கிரேக்கத் தொன்மத்திலிருந்து ஒரு பெயரும் கொடுத்தார்.

1. சிசிஃபஸ் சுற்று (அபத்தம்): 'அந்நியன்' 1942, 'சிசிஃபஸ் தொன்மம்' 1942, 'காலிகுலா', 'தவறான புரிதல்' நாடகங்கள்.
2. ப்ரொமீதியஸ் சுற்று (கலகம்): 'கொள்ளை நோய்' 1947, 'முற்றுகை நிலை' 1948, 'நேர்மையாளர்கள்' 1949, 'கலகம் செய்யும் மனிதன்' 1951.
3. நெமசிஸ் சுற்று (அளவு, அன்பு): 'முதல் மனிதன்' நாவலோடு நின்றுபோனது.

'வீழ்ச்சி' (1956), 'நாடுகடத்தலும் ராஜ்யமும்' கதைத்தொகுப்பு (1957) இரண்டும் இந்தக் கணக்குக்கு வெளியே வந்து விழுந்தவை. அவற்றுக்குக் காரணம், பின்னால் பார்க்கப்போகும் சார்த்ர் சண்டையும் அல்ஜீரியப் போரும்.

'அந்நியன்': ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு

மெர்சோ அல்ஜியர்சில் ஓர் அலுவலக எழுத்தர். 80 கிலோமீட்டர் தள்ளி மாரெங்கோவில் முதியோர் இல்லத்தில் இருந்த அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. நாவலின் முதல் வாக்கியம் பிரெஞ்சில் நான்கே சொற்கள். இன்று, அம்மா, இறந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒருவேளை நேற்றாக இருக்கலாம், தெரியவில்லை என்று அடுத்தது தொடர்கிறது.

இதில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, 'மமான்' என்ற சொல். குழந்தை அம்மாவைக் கூப்பிடும் சொல் அது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதை விறைப்பான 'மதர்' ஆக்கியதில் மெர்சோ இன்னும் கல்நெஞ்சனாகத் தெரிந்தான். 1988இல் வந்த இன்னொரு மொழிபெயர்ப்பு 'மமான்' என்றே விட்டுவிட்டது. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த வயதிலும் அம்மா அம்மாதான். ஆனால் தமிழுக்கு வேறொரு தொல்லை உண்டு, அது வினைமுற்றில் இருக்கிறது. இறந்தாள், இறந்தார், இறந்துவிட்டாள், இறந்துபோனாள், காலமானார் என்று எதை எடுத்தாலும் பேசுகிறவனின் மனம் வெளியே வந்துவிடுகிறது. '-ஆர்' போட்டால் மரியாதை, 'விட்டாள்' போட்டால் இழப்பின் அழுத்தம், 'போனாள்' போட்டால் பரிவு. பிரெஞ்சு வாக்கியம் இவற்றில் எதையுமே சொல்லாமல் நிற்கிறது. மெர்சோ யார் என்பது அந்தச் சொல்லாமையில்தான் இருக்கிறது.

இரண்டு, இறந்தகால வடிவம். அன்றைய பிரெஞ்சு நாவல்கள் எழுத்துமொழிக்கென்றே உள்ள ஓர் இறந்தகாலத்தில் கதை சொல்லும். காம்யு அதைக் கைவிட்டு, மக்கள் அன்றாடம் பேசும் இறந்தகாலத்தில் முழு நாவலையும் எழுதினார். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் காரண காரியப் பிணைப்பு இல்லாமல் வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று சார்த்ர் 1943இல் எழுதியது மிகச் சரியான கவனிப்பு. மொழிபெயர்ப்பாளர் அல்லது வாசகர் 'ஆகவே', 'அதனால்' என்று இடையில் பாலம் கட்டினால் நாவலே கெட்டுவிடும்.

நாவல் இரண்டு பாகம், முதலில் ஆறு அத்தியாயம், அடுத்ததில் ஐந்து. முதல் பாகத்தின் முடிவில் மெர்சோ கடற்கரையில், கண்ணைக் குத்தும் வெயிலில், ஓர் அராபியனைச் சுடுகிறான். முதலில் ஒரு குண்டு. ஒரு நிறுத்தம். பிறகு அசையாத உடம்பின்மேல் நான்கு குண்டு. அந்த நான்கு குண்டுக்கு அவனால் கடைசிவரை காரணம் சொல்ல முடிவதில்லை. இரண்டாம் பாகத்தில் நீதிமன்றம் முதல் பாகத்தின் அதே சம்பவங்களை எடுத்துக் கோர்க்கிறது. சவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பால் காப்பி குடித்தான், புகைபிடித்தான், அழவில்லை, மறுநாள் ஒரு பெண்ணோடு கடலில் குளித்துவிட்டு நகைச்சுவைப் படத்துக்குப் போனான். தீவுகளாகக் கிடந்தவற்றுக்கு அரசு வழக்கறிஞர் பாலம் கட்டிக் 'குற்றவாளி மனம்' என்ற ஒன்றை உருவாக்குகிறார். தன் அம்மாவின் அடக்கத்தில் அழாதவன் மரண தண்டனை பெறும் அபாயத்தில் இருக்கிறான் என்று காம்யுவே நாவலை ஒரு வரியில் சுருக்கினார். மெர்சோ செய்யாதது ஒன்றுதான்: தான் உணராததை உணர்ந்ததாகச் சொல்லித் தப்பிக்கவில்லை.

நாவலின் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. கொல்லப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. நாவல் நெடுக அவன் 'அராபியன்'தான். விசாரணையிலும் அவன் பக்கத்து ஆட்கள் ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. அல்ஜீரியக் குடியேற்ற ஆட்சியின் உண்மையை நாவல் காட்டிக்கொடுக்கிறதா, அல்லது அதற்கு உடந்தையாகிறதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013இல் வெளியிட்ட 'மெர்சோ: மறுவிசாரணை' கொல்லப்பட்டவனுக்கு மூசா என்று பெயர் கொடுத்து, அவன் தம்பியின் வாயால் கதையைத் திருப்பிச் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதுதான் சரி என்பது இந்தக் கட்டுரையின் அழுத்தமான கருத்து.

சிசிஃபஸ் வாதம், படிப்படியாக

'சிசிஃபஸ் தொன்மம்' கடினமான நூல் என்று பெயர் எடுத்திருக்கிறது. வாதத்தின் எலும்புக்கூடு எளிமையானதுதான்.

1. வாழ்க்கை வாழத் தக்கதா என்பதுதான் மெய்யியலின் முதல் கேள்வி. மற்றவை அதற்குப் பிறகு.
2. எழுந்திரு, டிராம், நான்கு மணி நேர வேலை, சாப்பாடு, டிராம், தூக்கம் என்று ஓடும் நாளில் ஒருநாள் "ஏன்?" என்று எழும். அபத்த உணர்வு அங்கே தொடங்குகிறது.
3. அபத்தத்துக்கு மூன்று உறுப்பு: கேட்கும் மனிதன், மௌனமான உலகம், இரண்டின் எதிர்ப்படல். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவையும் போய்விடும்.
4. தற்கொலை கேட்கிறவனை அழிக்கிறது. அது கேள்விக்குப் பதில் ஆகாது. ஆகவே காம்யு அதை மறுக்கிறார். இந்த நூல் சாவுக்கு ஆதரவு என்று நினைப்பது தலைகீழ் வாசிப்பு.
5. கீர்க்கெகார்டு, ஷெஸ்தோவ், யாஸ்பர்ஸ் போன்ற மெய்யியலாளர்கள் பகுத்தறிவின் எல்லை வரை வந்து, அங்கிருந்து தெய்வீகத்தை நோக்கித் தாவுகிறார்கள். அது உலகின் மௌனத்தை இல்லாமல் ஆக்குகிறது. இதைக் காம்யு மெய்யியல் தற்கொலை என்கிறார். இருத்தலியத்தோடு அவருக்கு முதல் மோதல் இங்கேதான்.
6. மிஞ்சுவது அந்த மூன்று உறுப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டு வாழ்வது. அதிலிருந்து அவர் எடுக்கும் விளைவுகள் கலகம், விடுதலை, வேட்கை.

கல்லை மலைமேல் உருட்டுவதும் அது திரும்ப உருண்டு விழுவதுமாகச் சபிக்கப்பட்ட சிசிஃபஸ் கடைசிச் சில பக்கங்களில்தான் வருகிறான். காம்யுவின் கண் அவன் கல்லை ஏற்றும் நேரத்தில் இல்லை, வெறுங்கையோடு கீழே இறங்கும் நேரத்தில் இருக்கிறது. அப்போது அவன் தன் நிலையை முழுக்க அறிந்திருக்கிறான். அறிந்தவன் தன் கல்லைவிட வலியவன்.

இந்த நூல் நாஜி ஆட்சியில் வெளிவந்ததற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. காஃப்கா யூதர் என்பதால் அவரைப் பற்றிய அத்தியாயத்தை நீக்கித்தான் 1942இல் அச்சிட்டார்கள். இப்போதைய பதிப்புகளில் அது பின்னிணைப்பாக இருக்கிறது. பழைய பிரதி கையில் கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்று: எல்லை எங்கே?

முதல் சுற்றின் வாதத்தில் ஒரு துளை இருந்தது. எதற்கும் பொருளில்லை என்றால் கொலை செய்தால் என்ன? 'காலிகுலா' நாடகத்தின் பேரரசன் அந்தத் தர்க்கத்தைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கிறவன். ஐரோப்பா முழுக்கக் காலிகுலாக்கள் ஆண்ட காலத்தில் கேள்வி ஏட்டில் நிற்கவில்லை.

காசநோய் திரும்ப வந்து, 1942 கோடையில் காம்யு நடு பிரான்சின் மலைப்பகுதியில் ஓய்வுக்குப் போனார். நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின, ஜெர்மானியர் தெற்கு பிரான்சையும் பிடித்தனர். அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குத் திரும்பியிருந்த மனைவி பிரான்சீனுக்கும் அவருக்கும் நடுவே கடல் மூடிக்கொண்டது. எலிகளைப் போல மாட்டிக்கொண்டோம் என்ற பொருளில் குறிப்பேட்டில் எழுதினார். கதவடைக்கப்பட்ட ஓரான் நகரைப் பற்றிய நாவல் இந்தப் பிரிவில் வளர்ந்தது.

'கொள்ளை நோய்' ஏப்ரல் 16 காலையில் மருத்துவர் ரியூ மாடிப்படித் தளத்தில் செத்த எலி ஒன்றை மிதிப்பதில் தொடங்குகிறது. பிறகு பல பக்கங்களுக்கு அதிகாரிகள் நோயின் பெயரைச் சொல்லவே தயங்குகிறார்கள். கொள்ளை நோய் என்று அறிவியுங்கள், நகரை மூடுங்கள் என்ற தந்தியோடு முதல் பாகம் முடிகிறது. 2020இல் படித்தவர்களை உலுக்கியது இந்தப் பகுதிதான். ரியூவிடம் பெரிய கொள்கை ஏதும் இல்லை. நேர்மை என்றால் என் விஷயத்தில் என் வேலையைச் செய்வது என்கிறான். காதலியிடம் தப்பிப் போக வழி தேடிய பத்திரிகைக்காரன் ராம்பேர், வழி கிடைத்த பிறகு, தனியாக மகிழ்ச்சியாக இருப்பதில் வெட்கம் இருக்கலாம் என்று சொல்லி நின்றுவிடுகிறான். தான் எழுதப்போகும் நாவலின் முதல் வாக்கியத்தையே திருத்தித் திருத்தி எழுதும் குமாஸ்தா க்ரான், சுகாதாரக் குழுவின் கணக்குகளை மாலைதோறும் எழுதுகிறான். அந்தச் சாதாரண மனிதனையே கதாநாயகன் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது நாவல். முதல் சுற்றில் தனியாளாக இருந்தவன் இங்கே 'நாங்கள்' ஆகிறான்.

இந்த நாவல் நாஜி எதிர்ப்பின் உருவகம் என்பதைக் காம்யுவே 1955இல் விமர்சகர் ரொலான் பார்த்துக்கு எழுதிய பதிலில் உறுதிப்படுத்தினார். எதிரி கிருமி என்றால் போராட்டம் சுலபமாகத் தூய்மையாகிவிடுமே, மனிதனே எதிரியானால் என்ன செய்வது என்ற விமர்சனம் நியாயமானது. அதற்கான பதில் 'நேர்மையாளர்கள்' நாடகத்தில் இருக்கிறது. 1905 பிப்ரவரியில் மாஸ்கோவில் கலியாயெவ் என்ற புரட்சிக்காரர் இளவரசர் செர்கேயின் வண்டிமேல் குண்டு எறிய வேண்டும். வண்டிக்குள் குழந்தைகள் இருப்பதைப் பார்த்துக் கையைத் தாழ்த்திவிட்டார். இரண்டு நாள் கழித்து இளவரசரைக் கொன்றார், தண்டனையை ஏற்றுத் தூக்கில் தொங்கினார். இது வரலாற்றில் நடந்தது. அந்தத் தாழ்ந்த கைதான் காம்யு தேடிய எல்லைக்கோடு.

'கலகம் செய்யும் மனிதன்' இதையே வாதமாக்குகிறது. அடிமை "போதும்" என்கிறபோது தனக்கு மட்டும் கேட்பதில்லை. எல்லா மனிதருக்கும் பொதுவான ஒன்று மீறப்படுகிறது என்கிறான். "நான் கலகம் செய்கிறேன், ஆகவே நாம் இருக்கிறோம்" என்ற வரி இதிலிருந்து வருகிறது. மனித இயல்பு என்று ஒன்று இருக்கலாம் என்ற ஊகத்துக்கு, கிரேக்கர் நம்பிய அதே இடத்துக்கு, காம்யு வந்து சேர்கிறார். முன்கூட்டிய சாரம் இல்லை என்ற சார்த்ருக்கு இது நேர் எதிர்.

முறிவு

1952 மே மாதம் சார்த்ரின் 'லெ தாம் மோதெர்ன்' இதழில் பிரான்சிஸ் ழான்சோன் 'கலகம் செய்யும் மனிதன்' நூலைக் கடுமையாக மதிப்புரைத்தார். காம்யு மதிப்புரை எழுதியவரைப் பொருட்படுத்தாமல், சார்த்ரைப் பெயர் சொல்லாமல் "ஆசிரியர் அவர்களுக்கு" என்று விளித்துப் பதில் எழுதினார். ஆகஸ்டில் சார்த்ர் பகிரங்கமாகப் பதிலடி கொடுத்தார். ஒன்பது ஆண்டு நட்பு அத்துடன் முடிந்தது. அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: சோவியத் வதைமுகாம்களை வரலாற்றின் பெயரால் பொறுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றார் காம்யு. மெய்யியல் நுணுக்கத்தில் அவர் சார்த்ருக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். வதைமுகாம் விஷயத்தில் அவர் நின்ற இடம் சரி.

அல்ஜீரியாவும் அம்மாவும்

1954 நவம்பரில் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. 1956 ஜனவரி 22இல் அல்ஜியர்சில் காம்யு பொதுமக்களைத் தாக்காதிருக்க இருதரப்பும் உடன்பட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் வேண்டினார். வெளியே ஐரோப்பியத் தீவிரவாதிகள் அவருக்குச் சாவு வேண்டும் என்று கத்தினார்கள். முயற்சி தோற்றது. பிறகு அவர் பொதுவில் பேசுவதைக் குறைத்து, தண்டிக்கப்பட்ட அல்ஜீரியர்களின் உயிருக்காகத் தனிப்பட்ட முறையில் மனு எழுதிக்கொண்டிருந்தார். முழு விடுதலையை அவர் ஏற்கவில்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அராபியர் பட்ட அநீதியை 1939லேயே எழுதிய மனிதருக்கு, தன் மக்களான ஐரோப்பிய வழிக் குடியேறிகள் இல்லாத அல்ஜீரியாவைக் கற்பனை செய்ய முடியவில்லை.

1957 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் மாணவர் கூட்டத்தில் சொன்னதாக "நீதியைவிட என் அம்மாவையே காப்பேன்" என்ற வாக்கியம் பரவியது. கூட்டத்தில் இருந்த அவருடைய சுவீடிஷ் மொழிபெயர்ப்பாளர் பின்னால் தந்த வடிவம் வேறு: இப்போது அல்ஜியர்ஸ் டிராம்களில் குண்டு வைக்கிறார்கள், என் அம்மா அதில் ஒன்றில் இருக்கக்கூடும், அதுதான் நீதி என்றால் எனக்கு அம்மாவே மேல். முதல் வடிவத்தில் நீதி தள்ளப்படுகிறது. இரண்டாவதில் தள்ளப்படுவது டிராமில் குண்டு வைப்பதற்கு நீதி என்று பெயர் வைப்பது.

இதே இக்கட்டை 'நாடுகடத்தலும் ராஜ்யமும்' தொகுப்பில் ஒரு கதை காட்டுகிறது. மலைப்பள்ளி ஆசிரியர் தாருவிடம் ஓர் அராபியக் கைதியை ஒப்படைத்துச் சிறையில் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் பணமும் உணவும் கொடுத்து, சிறைக்குப் போகும் வழி, தப்பிப் போகும் வழி இரண்டையும் காட்டி விட்டுவிடுகிறார். கைதி தானாகவே சிறைப் பாதையில் நடக்கிறான். திரும்பினால் கரும்பலகையில் எழுதியிருக்கிறது, எங்கள் சகோதரனைக் காட்டிக்கொடுத்தாய், பதில் சொல்வாய் என்று. கதையின் பெயர் 'லோத்'. பிரெஞ்சில் அந்த ஒரே சொல் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தாளியையும் குறிக்கும். அந்த மண்ணில் யார் யாருடைய வீட்டில் விருந்தாளி? தமிழில் எந்த ஒரு சொல்லாலும் இதைக் கொண்டுவர முடியாது.

அப்பா பார்த்த கில்லட்டின்

அப்பாவைப் பற்றிக் காம்யுவுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அதில் ஒன்று: கொடூரமான கொலைகாரன் ஒருவனுக்குத் தண்டனை நிறைவேற்றப்படுவதைப் பார்க்க விடியுமுன் எழுந்து போனார், வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் வாந்தி எடுத்தார். இந்தச் சம்பவம் 'அந்நியன்' சிறைக்கூடத்தில் மெர்சோவின் நினைவாக வருகிறது, 1957இல் எழுதிய மரண தண்டனை எதிர்ப்புக் கட்டுரையின் தொடக்கமாக வருகிறது, 'முதல் மனிதன்' நாவலிலும் வருகிறது. போர் முடிந்த நாட்களில் நாஜிகளுக்குத் துணைபோனவர்களைத் தண்டிக்கச் சொல்லி முன்பு தலைமறைவாக வெளிவந்த 'கோம்பா' இதழில் கடுமையாக எழுதியவர், 1945 ஜனவரியில் அப்படித் துணைபோனவரும் தான் வெறுத்தவருமான எழுத்தாளர் ப்ராசிய்யாக்கின் உயிரைக் காக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டார். பிறகு இந்த வாதத்தில் தான் பிழை செய்ததாகவும் இரக்கம் காட்டச் சொன்ன எழுத்தாளர் மோரியாக்கே சரி என்றும் பொதுவில் ஒப்புக்கொண்டார்.

பரவலாகச் சுற்றும் பொய் மேற்கோள்கள்

1. "எனக்கு முன்னால் நடக்காதே, பின்னால் நடக்காதே, நண்பனாய்ப் பக்கத்தில் நட" என்பது அவர் நூல்களில் இல்லை.
2. தற்கொலையா, ஒரு கோப்பைக் காப்பியா என்ற வரியும் இல்லை.
3. குளிர்காலத்தின் நடுவே தனக்குள் வெல்ல முடியாத கோடை இருப்பதை அறிந்தேன் என்பது அவருடையதே. 'கோடை' (1954) தொகுப்பில் திப்பாசா பற்றிய கட்டுரையில் இருக்கிறது. அதன்பின் ஒட்டப்பட்டு வரும் உற்சாகமூட்டும் வரிகள் அவருடையவை அல்ல.

தமிழில் படிக்க

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த 'அந்நியன்', 'முதல் மனிதன்' இரண்டும் க்ரியா வெளியீடு. 'கொள்ளை நோய்' நாவலும் தமிழில் உண்டு. முதலில் 'அந்நியன்', அடுத்து 'கொள்ளை நோய்', பிறகு 'முதல் மனிதன்' என்ற வரிசை மூன்று சுற்றையும் தொட்டுவிடும். சிசிஃபஸ் நூலை முதல் இரண்டு நாவலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்க்க நினைப்பவர்களுக்கு: இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. ஆகவே காம்யு உயிரோடு இருந்தபோது வெளிவந்த பிரெஞ்சு மூலங்கள் 2021 ஜனவரி 1 முதல் இங்கே பொதுவுடைமை. பிரான்சில் அது 70 ஆண்டு. அவர் இறந்தபின் வெளியானவற்றுக்கு இந்தியாவில் வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. ஏற்கெனவே உள்ள ஆங்கில, தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு. ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழாக்குகிறவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இதில்தான்.

பையில் இருந்த 144 பக்கம்

1960 ஜனவரி 4இல், நோபல் பெற்று இரண்டு ஆண்டு சற்றுக் கடந்து, 46 வயதில், வில்ப்லவேன் அருகே கார் மரத்தில் மோதிக் காம்யு அங்கேயே இறந்தார். ஓட்டிய பதிப்பாளர் மிஷல் கலிமார் சில நாட்களில் இறந்தார். சட்டைப்பையில் பாரிசுக்கான பயன்படுத்தாத ரயில் சீட்டு இருந்தது. பையில் 144 பக்கக் கைப்பிரதி இருந்தது, நிறுத்தக்குறிகூடச் சரியாக இடாத, படிக்கக் கடினமான கையெழுத்தில். மகள் கேத்ரின் பதிப்பித்து 1994இல்தான் 'முதல் மனிதன்' வெளிவந்தது. 'இந்தப் புத்தகத்தை ஒருபோதும் படிக்க முடியாத உனக்கு' என்று அம்மாவுக்குக் காணிக்கை. அந்த அம்மா மகன் போன அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

நாவலின் தொடக்கப் பகுதியில் அதன் நாயகன் ழாக் கோர்மெரி சேன்-ப்ரியூ கல்லறைத் தோட்டத்துக்கு, தான் பார்த்தே இராத அப்பாவின் கல்லைத் தேடிப் போகிறான். அக்கறை பெரிதாக ஒன்றும் இல்லை, அம்மா கேட்டுக்கொண்டதற்காகத்தான். கல்லில் 1885–1914 என்று வெட்டியிருக்கிறது. அனிச்சையாகக் கழித்துப் பார்க்கிறான். இருபத்தொன்பது. இவனுக்கு நாற்பது. மண்ணுக்குள் கிடக்கிற அப்பா இவனைவிடச் சின்னவர்.